பூச்சிக்கும் பாட்டிக்கும் ஒரே லென்ஸா?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என்னிடம் கேனான் 200டி 2 கேமரா இருக்கிறது. கூடவே வந்த 18-55 கிட் லென்ஸும், பிறகு வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸும் உண்டு. தேயிலைச் செடியில் இருக்கும் சிலந்தி, வண்டு, பனித்துளி எல்லாம் எடுக்க ஆசை. எங்கள் ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) உள்ள வயதானவர்களின் முகங்களையும், முதலில் என் பாட்டியின் முகத்தை, நன்றாக எடுத்து வைக்க வேண்டும். ஒரே மேக்ரோ லென்ஸில் இரண்டும் முடியும் என்கிறார்கள். 60 மி.மீ. வாங்கவா, 100 மி.மீ. வாங்கவா? முப்பதாயிரத்துக்கு மேல் போக முடியாது."

முடியும் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. மிகக் கிட்டத்திலும் ஃபோகஸ் ஆகிற லென்ஸுக்குத்தான் மேக்ரோ என்று பெயர், தூரத்தில் நிற்கிற ஆளையும் அது கூர்மையாகவே எடுக்கும். ஆனால் 60-ஆ 100-ஆ என்று வரும்போது முக்கால்வாசிப் பேர் எது அதிகம் பெரிதாக்கும் என்று பார்க்கிறார்கள். இரண்டும் ஒரே அளவுதான் பெரிதாக்கும். நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதில்தான் வித்தியாசம் முழுக்க இருக்கிறது. பூச்சிக்கு அது செ.மீ. கணக்கு, பாட்டிக்கு வீட்டுச் சுவர்க் கணக்கு.

முதலில் பூச்சி. 1:1 என்று போட்டிருந்தால், பொருளின் அசல் அளவிலேயே அதன் பிம்பம் சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதிகிற சில்லில், விழும் என்று அர்த்தம். உங்கள் கேமராவின் சென்சார் சுமார் 22 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம். ஒரு ரூபாய் நாணயத்தை 1:1-ல் எடுத்தால் அகலம் ஏறக்குறைய நிறைந்துவிடும், மேலேயும் கீழேயும் கொஞ்சம் வெட்டுப்படும். சில ஜூம் லென்ஸ்களிலும் மேக்ரோ என்று எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் அது 1:4, நல்ல காலம் என்றால் 1:2. அந்த எழுத்தை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

கேனான் 60 மி.மீ. மேக்ரோ 1:1-க்குப் போகும்போது லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே ஒன்பது பத்து செ.மீ.தான் மிஞ்சும். 100 மி.மீ.யில் அது ஏறக்குறைய 15 செ.மீ. பெட்டியில் 20 செ.மீ., 31 செ.மீ. என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது சென்சாரிலிருந்து அளக்கிற தூரம். அதில் கேமராவின் உடம்பும் லென்ஸின் நீளமும் போய்விடும். ஐந்து செ.மீ.யில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். குதிக்கிற சிலந்தியிடம் கேட்டால் சொல்லும். 60-ஐ எடுத்துக்கொண்டு கிட்டே போனால் உங்கள் நிழல் முதலில் அதன் மேல் விழும், அடுத்த நொடி அது இலைக்கு அடியில் இருக்கும். கேனானில் 35 மி.மீ. மேக்ரோ ஒன்றும் உண்டு, முனையிலேயே குட்டி விளக்கு வைத்தது. 1:1-ல் அதற்கு மிஞ்சுவது 3 செ.மீ. மட்டும். தாலிக்கொடி, மோதிரம் எடுக்கலாம், உயிருள்ள எதற்கும் வேண்டாம்.

இப்போது பாட்டி. தலையும் தோளும் நெஞ்சு வரைக்கும் தெரிகிற மாதிரி கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் கேமராவில் 100 மி.மீ. போட்டால் பாட்டிக்கும் உங்களுக்கும் நடுவே மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வேண்டும். 60 என்றால் ஒன்றே முக்கால் மீட்டர், கையில் இருக்கிற 50-க்கு ஒன்றரை மீட்டர்கூட வேண்டாம். ஹட்டி வீட்டு முன்னறையில் மூன்று மீட்டர் பின்னால் போனால் முதுகு சுவரில் இடிக்கும், இல்லையென்றால் சமையலறைக்குள் நின்று எடுக்க வேண்டும். வாசலில், களத்தில் என்றால் பிரச்சினையே இல்லை.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் 60-தான் நடுவாந்தரமாகத் தெரியும். வீட்டுக்குள்ளும் சரிப்படும், பூச்சிக்கும் ஒப்பேற்றலாம். உங்களிடம் 50 இல்லாதிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இருக்கிறதே! முகத்துக்கு அது 60-ஐவிட ஒன்றும் மட்டமில்லை, எஃப் 1.8 என்ற பெரிய திறப்பு இருப்பதால் (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது) மங்கிய அறையில் இன்னும் ஒரு படி மேல். 60 வாங்கினால் முகம் எடுக்க ஒரே மாதிரி இரண்டு லென்ஸ் இருக்கும், பூச்சிக்கு அரை லென்ஸ் இருக்கும். அதனால் 100 வாங்குங்கள். வீட்டுக்குள் 50, வெளியே 100.

இன்னொரு காரணமும் உண்டு, இது பலருக்குத் தெரியாது. பின்புலம் எவ்வளவு கரையும் என்பதை எஃப் எண் மட்டும் தீர்மானிப்பதில்லை, திறப்பின் நிஜ விட்டத்தைப் பார்க்க வேண்டும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் 28 மி.மீ. வருகிறது, 100-ஐ அதன் எஃப் எண்ணான 2.8-ஆல் வகுத்தால் 36. ஒரே அளவு முகத்தை இரண்டிலும் எடுத்துப் பாருங்கள், பின்னால் தூரத்தில் தெரிகிற தேயிலைச் சரிவும் சில்வர் ஓக் மரங்களும் 100-ல்தான் இன்னும் மெத்தென்று கரைந்திருக்கும். போர்ட்ரெய்ட்டுக்கு 2.8 போதாது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். இன்னொன்று, 60 இந்த வகைச் சிறிய சென்சார் கேமராவுக்கு மட்டும் செய்தது. 100 நாளைக்கு ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார் கேமரா வாங்கினாலும் கூட வரும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் போனாலும் ஒரு அடாப்டர் போதும்.

எந்த 100? கேனானில் நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. 2009-ல் வந்த எல் என்ற உயர்தர வகையில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் புதிதாக அது உங்கள் தொகைக்குள் வராது. அதற்கு முந்தைய, சாதாரண 100 யு.எஸ்.எம். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். கூர்மையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. நடுக்க வசதி இல்லையே என்று கவலைப்படாதீர்கள். 1:1-ல் அந்த வசதியின் பலன் பாதியாகக் குறைந்துவிடும், அதோடு நம் மலையில் ஆடுவது கை மட்டுமா, காற்றில் செடியும்தானே ஆடுகிறது. டாம்ரான் நிறுவனத்தின் 90 மி.மீ. மேக்ரோவும் நல்ல லென்ஸ். அதன் பழைய மாடலில் கிட்டே ஃபோகஸ் செய்யச் செய்ய மூக்கு முன்னால் நீண்டுகொண்டே போகும், கிடைத்த இடைவெளியை அது தின்றுவிடும், ஃபோகஸ் மோட்டாரும் நிதானமானது. 100 கிடைக்காவிட்டால் பார்க்கலாம்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். 50-க்கும் கேமராவுக்கும் நடுவே போடுகிற எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒரு செட் வாங்கியோ, நண்பரிடம் கடன் வாங்கியோ ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி எதுவும் இல்லாத வெறும் வளையம்தான் அது. 36 மி.மீ. வளையத்தைப் போட்டாலே 50 கிட்டத்தட்ட 1:1-க்கு வந்துவிடும். மின் தொடர்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சல்லிசாகக் கிடைப்பதில் அது இருக்காது, அப்போது அப்பர்ச்சரை (திறப்பை) மாற்ற வழியில்லாமல் முழுத் திறப்பிலேயே மாட்டிக்கொள்வீர்கள். பூச்சியின் மேலேயே ஏறி உட்கார்ந்த மாதிரிதான் எடுக்க வேண்டியிருக்கும், அது உண்மை. ஆனால் இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். காலை ஆறரைக்கு ஈரப் புல்லில் முட்டி போட்டு, மழைக்காலம் என்றால் காலில் அட்டையும் ஏறி, நாற்பது படத்தில் ஒன்று தேறுகிற வேலை இது.

ஏன் ஒன்றே ஒன்று தேறுகிறது என்றால், 1:1-ல் எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழும் ஆழம் உங்கள் சென்சாரில் ஒரு மில்லிமீட்டரில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். புல்வெளி ஈரத்தில் வளரும் அழுகண்ணிச் செடியை எடுத்தால் இது கண்ணெதிரே தெரியும். ஒரு மயிரின் நுனியில் நிற்கிற பிசின் துளியில் ஃபோகஸ் வைத்தால், பக்கத்து மயிரின் துளி வெறும் ஒளிவட்டமாகிவிடும். சரி, எஃப் 22-க்கு மூடிவிடலாமே என்றால் படம் மொத்தமும் மழுங்கும். 1:1-ல் எஃப் 11 வைத்தாலே அது எஃப் 22 மாதிரித்தான் வேலை செய்யும், வெளிச்சமும் அதே கணக்கில் நாலில் ஒரு பங்காகும். கேனான் திரையில் இது காட்டாது, ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்குக் கேமராவின் உணர்திறன்) மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவே நில்லுங்கள். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, லென்ஸை 1:1-ல் நிறுத்தி, உடம்பை முன்னும் பின்னுமாக இம்மி இம்மியாக அசைத்து, சிலந்தியின் கண் பளிச்சென்று வருகிற கணத்தில் அழுத்துங்கள். காற்றுக்கு என் வைத்தியம், ஒரு மூங்கில் குச்சியும் துணிக்கிளிப்பும். குச்சியைச் செடிக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி, கிளிப்பால் தண்டைப் பிடித்துவிட்டால் முக்கால்வாசி ஆட்டம் நின்றுவிடும். கேமராவிலேயே உள்ள ஃபிளாஷை அப்படியே அடித்தால் லென்ஸின் நிழல் பூச்சி மேல் விழும். நடுவில் ஒரு வெள்ளைத் தெர்மகோல் தாளை ஓட்டை போட்டு லென்ஸில் மாட்டினால் சமாளிக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். முன்மூடி பின்மூடி இரண்டையும் கழற்றி, பின்பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து, முன்பக்கமிருந்து உள்ளே பாருங்கள். இரண்டு மூன்று தூசி இருந்தால் பரவாயில்லை. பஞ்சு நூல் மாதிரியோ, சிலந்தி வலை மாதிரியோ கிளைவிட்டு ஓடினால் அது ஃபங்கஸ், விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் பட்டவன் சொல்கிறேன். குன்னூரில் ஒரு மழைக்காலம் முழுக்க என் மேக்ரோவைத் தோல் பையில் போட்டு மர அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன், பத்திரமாம்! திறந்தபோது முன்கண்ணாடிக்குள் வெள்ளை வேர் ஓடியிருந்தது. கோவைக்குக் கொண்டுபோய்ப் பிரித்துத் துடைத்தார்கள், பூஞ்சை போனது, கண்ணாடிப் பூச்சில் அது அரித்த தடம் போகவில்லை. வெயிலுக்கு எதிரே எடுத்தால் இன்றைக்கும் படம் வெளிறும். தோலும் மரமும் துணியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்பவை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மானி, முள் 45 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நின்றால் போதும். 2018-ல் பூத்த குறிஞ்சி இனி 2030-ல்தான், அதுவரை லென்ஸ் தாங்க வேண்டாமா.

பாட்டியை எடுக்கும்போது இரண்டு விஷயம். மேக்ரோ லென்ஸில் ஃபோகஸ் எல்லையைக் கட்டுப்படுத்தும் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை 0.48 மீட்டரிலிருந்து தூரத்துக்கு என்ற பக்கம் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஓடி ஓடித் தேடும், அதற்குள் பாட்டியின் சிரிப்பு போய்விடும். கூர்மை அதிகமாகி ஒவ்வொரு சுருக்கமும் தெரியுமே என்று சிலர் பயப்படுவார்கள். கல்யாணப் பெண்ணுக்கு அந்தக் கவலை சரி, பாட்டிக்கு வேண்டாம், அந்தச் சுருக்கத்துக்காகத்தானே எடுக்கிறோம். முகம் மட்டும் நிறைகிற மாதிரி கிட்டே போனால் 2.8-ல் தெளிவான ஆழம் இரண்டு செ.மீ.தான், கிட்டே உள்ள கண்ணில் ஃபோகஸ் வைத்து எஃப் 4-க்கு மூடுங்கள். அப்புறம், வெள்ளை முண்டும் தலையில் வெள்ளைத் துணியும், பின்னால் மூடுபனியும் என்றால் கேமரா ஏமாந்துபோய் படத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மூன்றில் இரண்டு ஸ்டாப் ஏற்றி ஒரு படம் எடுத்து, துணியின் மடிப்பு இன்னும் தெரிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.