கசியும் குளோரின் சிலிண்டர் மீது தண்ணீர் அடிக்கலாமா?

தண்ணீர் அடித்தால் வாயு அடங்கிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குளோரின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். ஊசித்துளை பெரிய ஓட்டையாகிவிடும். போதாக்குறைக்கு, தண்ணீரின் வெப்பம் உள்ளிருக்கும் திரவக் குளோரினை இன்னும் வேகமாக ஆவியாக்கும்.

இந்த வாயு காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானது, பள்ளத்தில் தேங்கும். வாயுப்படலத்தைக் கடக்காமல், காற்று வரும் பக்கத்திலுள்ள மேடான இடத்துக்குச் செல்லுங்கள். மூக்கில் துணி கட்டுவது பாதுகாப்பே அல்ல!

கசிவை அடைப்பது சுவாசக் கருவி அணிந்த, பயிற்சி பெற்றவர்களின் வேலை. திரவம் ஒழுகினால், துளை மேற்புறம் வரும்படி சிலிண்டரைத் திருப்புவார்கள். அப்போது வாயு மட்டுமே வெளியேறும். திரவமோ ஆவியாகும்போது 450 மடங்குக்கும் மேல் விரியும்.

வால்வு இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். குளோரின் அவற்றோடு கடுமையாக வினைபுரியும்.