காதலை நிரூபிக்க ஓடாதீர்கள். ரிமாண்ட் தேதியைக் குறித்து வையுங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 21 வயது. பக்கத்துத் தெருப் பெண்ணும் அவனும் விரும்பி வீட்டைவிட்டுப் போனார்கள். பெண்ணின் அப்பா கொடுத்த புகாரில், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் போக்சோ வழக்குப் போட்டு, ஜூன் 10-ம் தேதி ரிமாண்ட் செய்துவிட்டார்கள். பெண்ணுக்கு 17 வயது 8 மாதம் என்று டி.சி.யில் (பள்ளி மாற்றுச் சான்றிதழ்) இருக்கிறதாம், ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டாள். இருவரும் எடுத்த படங்கள், மெசேஜ்கள் எல்லாம் வீட்டில் இருக்கும் தம்பியின் இன்னொரு போனில் உள்ளன. அதைக் காட்டினால் காதல்தான் என்று கோர்ட் ஒப்புக்கொள்ளுமா? பெண் வீட்டில் பேசி முடிக்கலாம் என்கிறார் மாமா.
– பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதலில் அந்தப் போனை யாரிடமும் காட்டாமல் எடுத்து வையுங்கள். போக்சோ சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் சம்மதத்துக்கு மதிப்பில்லை. ஆகவே நீங்கள் காதலுக்குச் சாட்சி என்று நினைக்கும் மெசேஜ்கள், பெண் மைனர் என்று முடிவானால், போலீஸ் தரப்புக்குச் சாட்சியாகிவிடும். ‘பலமுறை சேர்ந்திருந்தோம்’ என்ற ஒரு வரி, குறைந்தபட்சத் தண்டனையை 10 ஆண்டிலிருந்து 20 ஆண்டாக்கும் பிரிவுக்குள் வழக்கைத் தள்ளிவிடக்கூடும். அதற்காக அழித்துவிடவும் கூடாது. தடயத்தை அழிப்பது தனிக் குற்றம். யாருக்கும் அனுப்பவும் கூடாது. படங்கள் ஆபாசமானவையாக இருந்தால் வைத்திருப்பதே தனி வழக்காகலாம். போனில் என்ன இருக்கிறது என்பதை வழக்கறிஞரிடம் மட்டும் சொல்லுங்கள். ‘இவர்கள் காதலர்கள்’ என்று ஸ்டேட்டஸ் போடும் சொந்தக்காரர்களையும் நிறுத்துங்கள். பெண்ணின் அடையாளம் வெளியே தெரியவிடுவது குற்றம்.

அந்த மெசேஜ்கள் பயன்படுமா, படாதா என்பதே வயதைப் பொறுத்தது. வயதை எப்படி முடிவு செய்ய வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவு வரிசை போட்டிருக்கிறது: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ், அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லையென்றால்தான் எலும்பு வயதுச் சோதனை. டி.சி. இந்த வரிசையில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 2023 ஜூலையில், டி.சி.யை மட்டும் வைத்துப் பெண்ணை மைனர் என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலையே செய்தது. அந்த வழக்கில் மருத்துவச் சோதனை 18 வயதுக்கு மேல் என்று காட்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் இவ்வளவு பேரா என்று தோன்றும். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிப் போட்ட தேதிகள் அவற்றில் நிறைய. இந்தப் பெண்ணுக்கும் அப்படி நடந்திருந்தால் உண்மை வயது இன்னும் குறைவு. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிய கதையாகிவிடும். நகராட்சியிலோ ஊராட்சியிலோ பிறப்புப் பதிவு இருக்கிறதா, அதில் என்ன தேதி என்று தெரிந்த பிறகே டி.சி.யைக் கையில் எடுப்பதா என்று வழக்கறிஞர் முடிவு செய்யட்டும்.

மாமாவின் யோசனை வேண்டாம். பெண் வீட்டு வாசலில் நீங்கள் போய் நின்றால், சாட்சியை மிரட்டினார்கள் என்று ஒரு மனு போதும், ஜாமீன் கிடைக்காது, கிடைத்திருந்தாலும் ரத்தாகும். இரு தரப்பும் சமாதானமாகிவிட்டார்கள் என்பதற்காக மட்டும் போக்சோ வழக்கை ரத்து செய்யக் கூடாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இளம் வயதுக் காதல் வழக்கு ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் ரத்து செய்தது உண்மைதான். அதை நம்பி இப்போதே ரத்து மனுவுக்குப் பணம் கட்டுவது அவசரம் என்பது எங்கள் கருத்து.

இப்போது தேவை ஜாமீன். எஃப்.ஐ.ஆர். நகலை இணையத்தில் தேடாதீர்கள். பாலியல் வழக்குகளில் அது ஏற்றப்படாது. காவல் நிலையத்திலோ கோர்ட்டிலோ மனுக் கொடுத்து வாங்கலாம். ஜாமீன் மனு போக்சோ சிறப்பு நீதிமன்றத்துக்கு. மறுத்தால் உயர் நீதிமன்றம். மனுவின் வாசகத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ‘மனுதாரரும் பெண்ணும் கணவன் மனைவியாக வாழ்ந்தார்கள்’ என்று இரக்கத்துக்காக எழுதும் வரி, நீங்களே கொடுத்த ஒப்புதல்போல விசாரணை முடியும்வரை கூடவே வரும். பெண் தானாக வீட்டைவிட்டு வந்ததாக மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்திருந்தால், ‘அரசுத் தரப்பு ஆவணப்படியே’ என்று தொடங்கி அதைச் சொல்வதே பாதுகாப்பு. அந்த வாக்குமூலத்தின் நகல் குற்றப்பத்திரிகை வரும்வரை கைக்கு வராது. ஜாமீன் மனு விசாரணையில் அரசு வழக்கறிஞர் கேஸ் டைரியை (போலீஸின் புலனாய்வுக் குறிப்பேடு) பார்த்துச் சொல்வதைக் கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சாட்சி விசாரணையைப் பற்றி இப்போதே ஒன்று. போக்சோவில் உங்கள் தரப்பு வழக்கறிஞர் பெண்ணிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகத்தான் கேட்கலாம். பெண்ணைத் திரும்பத் திரும்ப அழைக்கவும் மாட்டார்கள். ‘குறுக்கு விசாரணை பிறகு’ என்று வாய்தா கேட்கும் வழக்கறிஞரை வைத்திருந்தால், அந்தப் ‘பிறகு’ வராமலே போகலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.

கடைசியாக, தேதி. குறைந்தது 10 ஆண்டு தண்டனையுள்ள பிரிவு எஃப்.ஐ.ஆரில் இருந்தால், 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும்; தொடுதல் போன்ற 5 ஆண்டுவரைத் தண்டனையுள்ள பிரிவு மட்டும் என்றால் 60 நாள். ரிமாண்ட் செய்த நாளும் கணக்கில் சேரும். ஜூன் 10 முதல் எண்ணினால் 90-வது நாள் செப்டம்பர் 7. அதற்குள் தாக்கலாகவில்லை என்றால், 8-ம் தேதி ஜாமீன் உங்கள் தம்பிக்கு உரிமை. ஆனால் அது தானாக வராது, மனுப் போட வேண்டும். அன்று மாலை குற்றப்பத்திரிகை வந்தாலும், காலையில் மனு பதிவாகியிருந்தால் உரிமை போகாது. மனுவை ஏற்று உத்தரவு வந்த பிறகு ஜாமீன்தாரர் கிடைக்காமல் நாள் தள்ளினால் மட்டும் சிக்கல். ஆதாரும் வீட்டு வரி ரசீதுமாக இரண்டு பேரை ஆகஸ்ட் கடைசியிலேயே பேசி வையுங்கள்.