‘பில்லைக் கட்டிட்டோமே’ என்றால் கணக்கு முடிந்துவிடாது

கேள்வி: என் தங்கைக்கு 27 வயது. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் மெஷினில் வேலை. மெஷினில் கை மாட்டி, வலது ஆள்காட்டி விரலின் நுனிக்கணு போய்விட்டது. தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பில்லைக் கம்பெனியே கட்டியது. 40 நாள் வீட்டில் இருந்தாள், அந்த நாள்களுக்குச் சம்பளம் இல்லை. சம்பளத்தில் மாதாமாதம் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சந்தா பிடிக்கிறார்கள். கேட்டால், “கவனமில்லாம கையை விட்டது உன் தங்கச்சிதானே, பில்லைக் கட்டிட்டோமே” என்கிறார்கள். வேறு ஏதும் கிடைக்குமா? (பேர்ணாம்பட்டு வாசகர்)

பதில்: கிடைக்கும். அதுவும் அவர் உயிரோடு இருக்கும் வரை மாதாமாதம் கிடைக்கக்கூடிய பணம். உங்களிடம் இதை யாரும் சொல்லாததுதான் எனக்கு வருத்தம்.

முதலில் அந்த 40 நாள். வேலையிடத்தில் பட்ட காயத்துக்கு இஎஸ்ஐ, சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் தருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. தினக்கூலி 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 405, நாற்பது நாளுக்கு 16,200 ரூபாய்.

அடுத்தது, பலருக்கும் தெரியாத நிரந்தர ஊன உதவித்தொகை. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைகிறது என்று சட்டத்தில் ஒரு பட்டியலே இருக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, அதில் ஒரு கணு மட்டும் போனால் 9. அந்த 405 ரூபாயில் 9 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 36 ரூபாய் 45 காசு. மாதத்துக்குச் சுமார் 1,090 ரூபாய். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள், 27 வயதுப் பெண்ணுக்கு அது எத்தனை வருடம் வரும் என்று பாருங்கள். அதே கம்பெனியில், அதே சம்பளத்துக்குத் திரும்பப் போனாலும் இந்தப் பணம் நிற்காது.

சரி, இதெல்லாம் ஏன் கைக்கு வருவதில்லை? பெரும்பாலும் முதல் நாள் சீட்டில்தான் சிக்கல். ஒருமுறை கட்டுப் பிரிக்க வந்த ஒரு பெண்ணின் ஓபி சீட்டை வாங்கிப் பார்த்தேன். ‘வீட்டுக் கதவில் விரல் நசுங்கியது’ என்று இருந்தது. கூட வந்த சூப்பர்வைசர் சொன்னதை டாக்டர் அப்படியே எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியால் வேலையிட விபத்து வீட்டு விபத்தாகிவிட்டது. இஎஸ்ஐ சர்டிஃபிகேட்டிலும் இதே வித்தியாசம் உண்டு. ‘நோய்’ என்று எழுதினால் கிடைப்பது 70 சதவீதம்தான், அதற்குச் சந்தா நாள் கணக்கும் பார்ப்பார்கள். மாதாந்திரப் பணத்துக்கும் வழியில்லாமல் போகும். ‘பணியிடக் காயம்’ என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

அதனால் இந்த வாரமே டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, இஎஸ்ஐ அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தங்கையோடு இஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போங்கள். தனியாரில் வைத்தியம் பார்த்ததால் உரிமை போய்விடாது. அப்புறம் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில், கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பியிருக்கிறதா என்று கேளுங்கள். விபத்தைப் பதிவேட்டில் எழுதி அறிக்கை அனுப்புவது முதலாளியின் கடமை. அனுப்பவில்லை என்றால், தேதி, நேரம், எந்த மெஷின், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதித் தங்கையே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள். கம்பெனி சந்தாவைக் கட்டாமல் வைத்திருந்தாலும் தொழிலாளிக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை முதலாளியிடம் வசூலிக்க இஎஸ்ஐக்கு அதிகாரம் உண்டு.

“கவனமில்லாம கையை விட்டே” என்பதற்குப் பதில்: முதலாளியின் வேலைக்காகச் செய்தபோது நடந்தது என்றால், தொழிலாளி பாதுகாப்பு விதியை மீறியிருந்தாலும்கூட அது பணியிடக் காயம்தான். யார் தப்பு என்று இஎஸ்ஐ கேட்பதில்லை.

உங்கள் ஊர்ப்பக்கத்து மற்றவர்களுக்காக இன்னும் சில. வேலைக்குப் போகும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தும் வேலையோடு தொடர்புடையது என்றால் இதில் அடங்கும், ஷேர் ஆட்டோவில் போனாலும் சரி. பெங்களூரு நெடுஞ்சாலையில் இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய் மத்திய அரசுத் திட்டத்தில் உண்டு. வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அலுவலகத்தில் விசாரியுங்கள். ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் ஷாப்புகளில் (தோல் பதனிடும் இடங்களில்) குரோம் ரசாயனம் பட்டு வரும் புண்ணும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ‘தோல் ஷாப்பில் வேலை செய்தால் அப்படித்தான்’ என்று களிம்பு தடவிக்கொண்டே வருடங்களைக் கடத்துகிறவர்கள் அதை டாக்டரிடம் காட்டி எழுதி வாங்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை (அப்பர்) தைக்கும் பெண்களுக்கு இஎஸ்ஐ இல்லை என்றால், காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று தமிழக அரசின் நல வாரியம் இருக்கிறது. அடிபடுவதற்கு முன்பே பதிந்து வையுங்கள்.

கடைசியாக மெடிக்கல் போர்டு, அதாவது காயத்தைப் பரிசோதிக்கும் டாக்டர்கள் குழு. ஊன சதவீதத்தை முடிவு செய்வது அவர்கள்தான். “இப்ப எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டால் நம் பெண்கள் “பரவால்ல சார்” என்று சொல்லிவிடுவார்கள். தங்கை அப்படிச் சொல்ல வேண்டாம். ஊசியில் நூல் கோக்க முடிகிறதா, குடத்தைத் தூக்கினால் வலிக்கிறதா, குளிரில் நுனி மரத்துப்போகிறதா என்று உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று பட்டால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். முடிவுக் கடிதம் கைக்கு வந்த தேதியை அந்தக் கடிதத்தின் மேலேயே பேனாவால் குறித்து வையுங்கள்.