விக்கிப்பீடியாவில் மதம் சார்ந்த கட்டுரைகளைத் தொகுக்கும்போது சண்டை வராமல் விவாதிப்பது எப்படி?

பத்துமலை, தைப்பூசம், தர்கா என்று எந்தக் கட்டுரையில் கை வைத்தாலும் அதைப் பற்றித் தொகுப்பவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கம் கொதிக்கிறது, பக்தரும் பகுத்தறிவாளரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருந்து தமிழ், ஆங்கில விக்கிப்பீடியாக்களைத் தொகுக்கும் எல்லோருக்கும் ஒருநாள் வரும் சிக்கல்தான் இது. பேச்சுப் பக்கத்தில் "கடவுள் உண்டா, அந்த அற்புதம் நடந்ததா" என்ற கேள்விக்கு யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. "யார் சொன்னது, எங்கே சொன்னது, அதை எந்தச் சொற்களில் எழுதுவது" என்ற கேள்விக்கு மட்டும் விடை கண்டால் போதும். முதல் கேள்வியில் நின்றுகொண்டிருந்தால் ஆளைத்தான் அடிப்போம். இரண்டாவதற்கு வந்துவிட்டால் வாக்கியத்தைத் திருத்தத் தொடங்கிவிடுவோம்.

தைப்பூசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர், "அலகு குத்தும் பக்தர்களுக்கு வலிக்காது, இரத்தமும் வராது, இது முருகன் அருள்" என்று எழுதுவார். இன்னொருவர் அதை அழித்துவிட்டு, "இது வெறும் மூடநம்பிக்கை" என்று போடுவார். முன்னவர் நம்பிக்கையைச் செய்தியாக்குகிறார், பின்னவர் தன் தீர்ப்பைச் செய்தியாக்குகிறார். இரண்டையும் எடுத்துவிட்டு, "அருள்நிலையில் வலியை உணர்வதில்லை என்று அலகு குத்திக்கொள்ளும் பக்தர்கள் கூறுகின்றனர்" என்று எழுதி, பக்தர்களைப் பேட்டி கண்ட நாளிதழ்ச் செய்தியையோ மானுடவியல் ஆய்வையோ சான்றாக வையுங்கள். அந்த வாக்கியத்தை அழிக்க இருவருக்குமே காரணம் கிடைக்காது. விமர்சனத்துக்கும் இடம் கொடுத்தே ஆக வேண்டும். பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்திறங்கிய காலத்திலிருந்து இங்கே சுயமரியாதைக் கருத்துக்கு ஒரு மரபு உண்டு. காவடியை எதிர்த்தவர்களும் தமிழர்கள்தான். இன்னார், இன்ன இதழில், இன்ன ஆண்டில் எழுதினார் என்று பெயரோடு சொன்னால் அது வரலாறு. பெயரில்லாமல் "பலர் இதை விமர்சிக்கின்றனர்" என்றால் அது எழுதியவரின் சொந்தக் கருத்து என்றுதான் எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளும், அப்படி எடுத்துக்கொள்வதில் நியாயமும் இருக்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. நடுநிலை வேண்டும் என்பதற்காக வரிக்கு வரி "என்று நம்பப்படுகிறது", "என்று கூறப்படுகிறது" என்று ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "முருகன் சூரபத்மனை அழித்ததாக நம்பப்படுகிறது, பின்னர் அவன் மயிலாகவும் சேவலாகவும் மாறியதாகக் கூறப்படுகிறது" என்று படிக்கும் பக்தருக்கு அது கேலியாகவே படும். பத்தியின் தொடக்கத்தில் "கந்தபுராணத்தின்படி" என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் கதையை நேராகச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறோம் என்பது வாசகருக்குத் தெளிவாக இருக்கும், யாருக்கும் மனம் நோகாது. விவிலியத்துக்கும் குர்ஆனுக்கும் இதே முறைதான். "புராணம்" என்ற சொல்லை நூல்வகையின் பெயராக மட்டும் எழுதுங்கள். "கட்டுக்கதை" என்ற சொல் ஒரு மதத்துக்கும் வேண்டாம்.

ஆங்கிலத்தில் இல்லாமல் தமிழில் வரும் தலைவலி ஒன்று: மரியாதை விகுதி. வினைமுற்றிலேயே ஆன், ஆர் வந்துவிடுவதால் தப்பிக்க முடியாது. "முருகன் வந்தான்" என்பது பக்தி இலக்கியத்தில் நெருக்கத்தின் மொழி. கட்டுரையில் அதே பாணியில் முருகனுக்கு "வந்தான்", இயேசுவுக்கு "வந்தார்", முகம்மது நபிக்கு "வந்தார்கள்" என்று மூன்று விதமாக இருந்தால், பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுச் சண்டை தொடங்கும். என் பரிந்துரை: எல்லோருக்கும் ஒரே "ஆர்". பெயருக்கு முன்னால் அருள்மிகு, பரிசுத்த, மகான் ஆகியவையும் பெயருக்குப் பின்னால் ஸல், அலை போன்ற வாழ்த்துச் சுருக்கங்களும் வேண்டாம். ஆலயத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே "அருள்மிகு" இருந்தால் அதைப் பெயராக ஒருமுறை முழுமையாகக் கொடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேடும் நபியின் பெயருக்குப் பின் வாழ்த்துரையைச் சேர்ப்பதில்லை. இதை மாற்றும்போது, மாற்றத்தின் காரணத்தை எழுதும் தொகுப்புச் சுருக்கப் பெட்டியில் "எல்லா மதக் கட்டுரைகளுக்கும் ஒரே நடை" என்று எழுதுங்கள். காரணம் சொல்லாமல் "ஸல்" என்பதை நீக்கினால் அவமதிப்பு என்றுதான் நினைப்பார்கள், அப்படி நினைப்பவரைக் குறை சொல்லவும் முடியாது.

பெருமையால் வரும் சண்டையும் உண்டு. பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர், 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. நெடுங்காலம் "உலகிலேயே உயரமான முருகன் சிலை" என்ற வரி எல்லா இடத்திலும் இருந்தது. 2022இல் சேலம் அருகே புத்திரகவுண்டம்பாளையத்தில் 146 அடிச் சிலை, அதாவது சுமார் 44.5 மீட்டர், வந்த பிறகு அந்த வரி பொருந்தாது. மலேசியாவில் இருந்து ஒருவர் பழைய வரியைத் திரும்பப் போடுவார், தமிழ்நாட்டில் இருந்து ஒருவர் அழிப்பார். "திறக்கப்பட்டபோது உலகின் உயரமான முருகன் சிலையாக இருந்தது, 2022இல் சேலம் சிலை அதைவிட உயரமாக எழுப்பப்பட்டது" என்று எழுதினால் முடிந்தது. "மிக உயரமான", "உலகிலேயே" போன்ற சொல் வரும் இடத்தில் எல்லாம் ஆண்டைச் சேர்த்துவிடுங்கள், பாதிச் சண்டை அடங்கிவிடும்.

ஆலயத்தின் வயது அடுத்தது. "300 ஆண்டுப் பழமை" என்று எழுதிவிட்டு ஆலய அறிவிப்புப் பலகையையோ கும்பாபிஷேக மலரையோ சான்றாகக் காட்டுவார்கள். கும்பாபிஷேக மலர் பயனுள்ள ஆவணம்தான், ஆனால் ஆலயமே தன்னைப் பற்றிச் சொல்வது. நிர்வாகத்தினர் பெயர், திருப்பணி நடந்த ஆண்டு போன்றவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். பழமை, அற்புதம், கூட்ட எண்ணிக்கை ஆகியவற்றுக்கு வெளிச் சான்று வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்னாக்கம் செய்து வைத்திருக்கும் பழைய நாளிதழ்களில் மலாயாச் செய்திகள் ஏராளம். 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் ஆய்வேடுகளும் கைகொடுக்கும். தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டாலும் பழைய இதழைத் தேதி, பக்க எண்ணோடு குறிப்பிட்டால் அது செல்லுபடியாகும் சான்றுதான், இணைய இணைப்பு கட்டாயமில்லை. தைப்பூசக் கூட்டம் "பத்து லட்சம்" என்றால் காவல்துறை சொன்னதா, ஏற்பாட்டாளர் சொன்னதா என்று எழுதுங்கள்.

சில நேரம் பேச்சுப் பக்கத்தில் நடப்பது மதச் சண்டையே அல்ல, ஆலய நிர்வாகத் தகராறு. இரண்டு அணிகள், சங்கப் பதிவகத்தில் புகார், யார் உண்மையான தலைவர் என்ற வழக்கு. அது அப்படியே கட்டுரைக்குள் நுழையும். இங்கே ஒரு வேறுபாட்டை மறக்காதீர்கள்: பக்தராக இருப்பது நலமுரண் ஆகாது, அதாவது சொந்த நலன் நடுநிலையோடு மோதும் நிலை ஆகாது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பதும் பணம் வாங்கிக்கொண்டு எழுதுவதும் நலமுரண். பொறுப்பில் இருப்பவர் பேச்சுப் பக்கத்தில் அதைத் தெரிவித்து, மாற்றத்தைப் பரிந்துரைக்கலாம். நேரடியாகத் தொகுக்காமல் இருப்பது நல்லது. பணம் வாங்கினால் அதை வெளிப்படுத்துவது விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளில் 2014 முதலே கட்டாயம்.

ஒரே மதத்துக்குள் வரும் மோதல்தான் இன்னும் கடுமையானது. பினாங்கு சூலியா சாலையில் உள்ள நாகூர் தர்கா, சூஃபி ஞானி நாகூர் சாகுல் ஹமீது அவர்களின் நினைவாக எழுந்தது. அவருடைய அடக்கத்தலம் தமிழ்நாட்டின் நாகூரில்தான் இருக்கிறது. தர்காவுக்குப் போவதை மரபாகக் கருதும் தமிழ் முஸ்லிம்களும் இருக்கிறார்கள், மார்க்கத்தில் இடமில்லை என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். "எது சரியான இஸ்லாம்" என்று கட்டுரை சொல்லத் தேவையில்லை. எந்த மரபு என்ன செய்கிறது, எந்த அறிஞர் எதை ஏன் மறுத்தார் என்று சான்றோடு சொல்லுங்கள். வெளியில் இருந்து வரும் இந்துவோ கிறிஸ்தவரோ இதில் நடுவராக உட்காராமல் சான்று தேடிக் கொடுத்தால் அதுவே பேருதவி.

இனி மரியாதை. "ஐயா", "நண்பரே" என்று எழுதுவது மட்டும் மரியாதை ஆகாது. "ஐயா, உங்கள் மதத்தில் இதெல்லாம் சகஜம்தானே" என்ற வாக்கியம் வசையைவிட மோசமானது. ஒருவருடைய மதத்தையோ கட்சியையோ காட்டி அவர் கருத்தைத் தள்ளுவது தனிநபர் தாக்குதல் என்று ஆங்கில விக்கிப்பீடியாவின் கொள்கை வெளிப்படையாகவே சொல்கிறது. விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் அறிவித்த அனைத்துலக நடத்தை நெறியும் மதத்தை வைத்துத் தாக்குவதைத் தடை செய்கிறது. பயனர் பக்கத்தில் "நான் சைவன்", "நான் இறைமறுப்பாளன்" என்ற பெட்டி வைத்துக்கொள்வதில் தவறில்லை. "இன்ன மதம் பொய்" என்ற பெட்டி கூடாது. அடுத்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து வாதத்தில் வீசுவதும் கூடாது. "நீங்கள்" என்று தொடங்கும் வாக்கியங்களை எல்லாம் "இந்த வரி", "இந்தச் சான்று" என்று தொடங்குமாறு மாற்றி எழுதிப் பாருங்கள். "நீங்கள் வேண்டுமென்றே மறைக்கிறீர்கள்" என்பது "இந்தப் பத்தியில் 1930களின் எதிர்ப்பு விடுபட்டிருக்கிறது" என்று ஆகும். கோபம் இருந்தாலும் பதில் பயனுள்ளதாகிவிடும்.

வாட்சாப் குழுவில் "எல்லோரும் வந்து நம் பக்கம் கருத்துப் போடுங்கள்" என்று ஆள் திரட்டாதீர்கள். முடிவு தலை எண்ணி எடுக்கப்படுவதில்லை, வாதத்தின் வலுவைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது. புதுக் கணக்குகள் பத்து வந்து ஒரே வரியைச் சொன்னால் ஒருவரே பல பெயரில் நடத்தும் கைப்பாவைக் கணக்குகள் என்ற ஐயம் எழும், நியாயமான உங்கள் வாதமும் அதோடு கெடும்.

உயிரோடு இருப்பவர்களின் மதம் பற்றித் தனிக் கவனம் வேண்டும். அவரே பொதுவெளியில் சொல்லியிருக்க வேண்டும், அது அவருடைய பொதுவாழ்வோடு தொடர்புடையதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், கட்டுரையின் அடியில் வரும் மதப் பகுப்பில் அவரைச் சேர்க்கக் கூடாது. பெயரை வைத்தோ திருமணத்தை வைத்தோ ஊகிக்கவே வேண்டாம், மலேசியாவில் அது ஒருவரின் சட்டநிலையையே தொடும் செய்தி. மதமாற்ற வழக்குகளிலும் அப்படித்தான். மலேசியத் தாய் எம். இந்திரா காந்தி தொடுத்த வழக்கில் 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம், தந்தை மட்டும் செய்த மூன்று பிள்ளைகளின் ஒருதலைப்பட்ச மதமாற்றம் செல்லாது, பெற்றோர் இருவரின் இசைவும் வேண்டும் என்றது. அந்தச் சொற்களோடு நில்லுங்கள். அதற்குமேல் சேர்க்கும் ஒவ்வொரு பெயரடையும் ஒரு தரப்பின் குரலாகிவிடும். இன்னொன்று: பேச்சுப் பக்கத்தில் எழுதியதை அழித்தாலும் அந்தப் பக்கத்தின் திருத்த வரலாற்றில் இருக்கும். வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவது மலேசியாவின் தண்டனைச் சட்டம் 298ஆம் பிரிவின் கீழ் வரும், 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவும் இருக்கிறது. சான்றுள்ள உண்மையை எழுதத் தயங்க வேண்டாம், கோபத்தில் எழுதிய வசையைச் சேமிக்கும் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம்.

மோதல் வந்துவிட்டால் ஒழுங்கு இது. உங்கள் மாற்றத்தை ஒருவர் மீளமைத்தால், அதாவது பழைய வடிவத்துக்கே திருப்பினால், நீங்கள் திரும்ப மீளமைக்காதீர்கள், பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். இப்போதுள்ள வரி, நீங்கள் முன்மொழியும் வரி, சான்று மூன்றையும் அடுத்தடுத்து வைத்துக் கையொப்பமிடுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தடை வரும். மூன்று முறை உங்கள் உரிமை என்று எண்ணாதீர்கள், அதற்குக் குறைவாகவே, மாறி மாறி மீளமைக்கும் தொகுப்புப் போருக்காகத் தடை செய்யலாம். இருவருக்குள் மட்டும் இழுபறி என்றால் அங்கே சம்பந்தமில்லாத ஒருவரிடம் மூன்றாம் கருத்துக் கேட்கலாம், பலர் இருந்தால் பிற தொகுப்பாளர்களை அழைத்து வழக்கமாக 30 நாள் ஓடும் கருத்துக்கோரல் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் நடுவர் குழு கிடையாது. "ஆலமரத்தடி" என்ற பொது விவாதப் பக்கத்தில் கேட்பது, இல்லையெனில் நிர்வாகியிடம் முறையிடுவது, இவைதான் வழி. தொகுப்பவர்கள் குறைவு, எல்லோருக்கும் வேலையும் குடும்பமும் உண்டு, ஆகவே ஒரு வாரம் காத்திருக்கப் பழகுங்கள்.

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் பேச்சுப் பக்கத்தின் தலையில் கேள்வி பதில் பெட்டி ஒன்றை வையுங்கள். நபியின் ஓவியங்களை நீக்கக் கோரி 2008இல் இணையக் கையொப்ப மனு வந்தபோது ஆங்கில விக்கிப்பீடியா படங்களை நீக்கவில்லை. ஆனால் வாதங்களுக்கெனத் தனி உட்பக்கம் வைத்தது, வேண்டாதவர் தம் கணக்கில் மட்டும் படத்தை மறைத்துக்கொள்ளும் வழியையும் அங்கே விளக்கியது. முடிவை ஏற்காதவருக்கும் மதிப்பான பதில் ஒன்று ஆயத்தமாக இருந்தது.

முறையிடும்போது "அவர் மதவெறியர்" என்று எழுதாதீர்கள். வரலாற்றுப் பக்கத்தில் இருந்து அந்தக் குறிப்பிட்ட தொகுப்புக்கு முன்னும் பின்னும் இருந்ததை ஒப்பிட்டுக் காட்டும் வேறுபாட்டு இணைப்பை எடுத்து, அதில் உள்ள சொல்லை அப்படியே மேற்கோள் காட்டி, என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் கேளுங்கள்: எச்சரிக்கையா, பக்கப் பூட்டா, அந்த வரியை மறைப்பதா. மூன்று இணைப்புகள் போதும், முப்பது கொடுத்தால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். முறையிட்டதை எதிராளியின் பேச்சுப் பக்கத்திலும் தெரிவித்துவிடுங்கள். விடை வரும்வரை அந்தப் பத்தியை இருவரும் தொடாமல் இருக்க வேண்டும், தப்பான வடிவம் மேலே நின்றுகொண்டிருந்தாலும்கூட.