என் கணினியில் வராத வார்னிங் அவர்களுக்கு மட்டும் எப்படி வருகிறது?

கேள்வி: ஆர் மொழியில் ஒரு சிறு பேக்கேஜ் எழுதியிருக்கிறேன். வேகம் தேவைப்பட்ட இடத்தில் மட்டும் சுமார் 400 வரி சி நிரல். என் கணினியில் சோதித்தால் எரர் 0, வார்னிங் 0, நோட் 0. ஆர் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான சிரானுக்கு (CRAN) அனுப்பினால் "எச்சரிக்கைகள் உள்ளன, திருத்தி அனுப்பவும்" என்று திரும்பி வந்துவிட்டது. எழுத்துகளை நினைவகத்தில் எழுதும் எஸ்பிரிண்ட்எஃப் (sprintf) ஃபங்ஷன் பற்றி ஒன்று, முன்வடிவம் இல்லாத ஃபங்ஷன் என்று ஒன்று, அச்சு வடிவம் பொருந்தவில்லை என்று ஒன்று. நிரல் சரியான விடைதான் தருகிறது. ஏதாவது ஆப்ஷன் போட்டுக் கம்பைலரின் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளின்) வாயை அடைத்துவிடலாமா? திருத்துவதென்றால் எங்கே தொடங்குவது?

பதில்: வாயை அடைக்க வேண்டாம். உடனே திருத்தவும் உட்கார வேண்டாம். முதல் வேலை, அந்த மூன்று எச்சரிக்கைகளையும் உங்கள் கணினியிலேயே வரவழைப்பது. வரவழைத்துப் பார்க்காமல் திருத்தினால், திருத்தம் பலித்ததா என்று தெரிந்துகொள்ள மறுபடி சிரானுக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே இதைப் பார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். ஒரே பேக்கேஜ் மூன்றாம் முறை அரைகுறையாக வந்து நின்றால் யாருக்கும் சலிப்பு வரும்.

உங்களிடம் ஏன் வரவில்லை என்பதற்கு என் முதல் சந்தேகம் உங்கள் வேலைமுறை மேல். பேக்கேஜ் எழுத உதவும் டெவ்டூல்ஸ் வழியாகப் பேக்கேஜை நிமிடத்துக்கு ஒரு முறை ஏற்றிப் பார்க்கும் பழக்கம் இப்போது எல்லாருக்கும் இருக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த வழியில் கம்பைல் செய்யும்போது ஆப்டிமைசேஷன் (நிரலை வேகமாக்கும் வேலை) அணைக்கப்பட்டிருக்கும். சில எச்சரிக்கைகள் ஆப்டிமைசேஷன் நடந்தால்தான் பிறக்கும். மதிப்பே தராத ஒரு மாறியை எங்கோ ஒரு கிளையில் படிக்கிறீர்கள் என்பது, மதிப்புகள் நிரலுக்குள் எப்படி ஓடுகின்றன என்று கம்பைலர் பின்தொடரும்போதுதான் அதன் கண்ணில் படும். அணைத்துவிட்டால் அது பின்தொடர்வதில்லை, சொல்வதும் இல்லை.

இன்னொன்று, மூலக் கோப்புறையில் மிஞ்சிக் கிடக்கும் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள், அதாவது முன்பு கம்பைல் செய்ததன் விளைவுகள். சி கோப்பு மாறவில்லை என்றால் கம்பைல் வேலையை நடத்தும் மேக் (make) கருவி அதை மறுபடி கம்பைல் செய்யாது. கம்பைல் நடக்காத இடத்தில் எச்சரிக்கை எங்கிருந்து வரும்? அதனால் சோதனையைக் கோப்புறையின் மேல் ஓட்டாதீர்கள். முதலில் பில்டு கட்டளையால் டார் கோப்பு (பேக்கேஜ் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய கோப்பு) செய்யுங்கள். அது பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளைக் கழித்துவிடும். அப்புறம் அந்த டார் கோப்பின் மேல் "சிரானைப் போல" என்ற ஆப்ஷனோடு செக் கட்டளையை ஓட்டுங்கள். சிரானுக்குப் போகப்போவதும் அந்த டார் கோப்புதானே.

மூன்றாவது காரணம் எல்லாருக்கும் தெரிந்தது: உங்களிடம் இருப்பது ஒரு கம்பைலர், அவர்களிடம் பல. டெபியன், ஃபெடோரா என்ற லினக்ஸ் வகைகள், விண்டோஸ், மேக் ஓஎஸ், ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள், ஆர் வெளியீட்டுப் பதிப்பு, வளர்ச்சிப் பதிப்பு என்று கலந்து கலந்து ஓட்டுகிறார்கள். அத்தனையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, வேண்டியதும் இல்லை. லினக்ஸில் ஜிசிசியும் கிளாங்கும் இரண்டும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. விண்டோஸுக்கு வின்-பில்டர் என்ற இணையச் சேவை இருக்கிறது. டார் கோப்பை ஏற்றினால் முடிவு மின்னஞ்சலில் வரும். மற்ற சூழல்களுக்கு ஆர்-ஹப் தரும் கண்டெய்னர்கள் (தயாராகக் கட்டி வைத்த சூழல்கள்) போதும்.

இதோடு ஒரு சின்ன ஏற்பாடு. உங்கள் ஹோம் கோப்புறையில், ஆர் அமைப்புகளுக்கான மறைகோப்புறைக்குள், மேக்வார்ஸ் என்ற கோப்பில் சி கம்பைலருக்கு டபிள்யூ-ஆல், பெடான்டிக் இரண்டு கொடிகளையும் (கூடுதல் எச்சரிக்கை கேட்கும் ஆப்ஷன்கள்) சேர்த்து வையுங்கள். ஆப்டிமைசேஷன் ஓ2 அளவில் இருக்கட்டும். கவனம், இது உங்கள் சொந்த மேக்வார்ஸ். பேக்கேஜுக்குள் இருக்கும் மேக்வார்ஸில் இதைப் போட்டால் "எல்லாக் கம்பைலருக்கும் பொருந்தாத கொடி" என்று அதற்கே தனியாக ஒரு புகார் வரும்.

அப்புறம், செக் கட்டளை திரையில் காட்டுவதோடு நிற்காதீர்கள். கம்பைலர் சொல்லும் எச்சரிக்கையும் செக் கட்டளை போடும் வார்னிங்கும் ஒன்றல்ல. கம்பைலர் பேசியதையெல்லாம் செக் வடிகட்டுகிறது. முக்கியம் என்று தன் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் வார்னிங்காக உயர்த்துகிறது. மற்றவை 00இன்ஸ்டால்.அவுட் என்ற பதிவுக் கோப்பில் சத்தமில்லாமல் கிடக்கும். சோதனை முடிந்ததும் உருவாகும் கோப்புறைக்குள் அது இருக்கும், திறந்து படியுங்கள். உங்கள் "0, 0, 0"-க்குப் பின்னால் அங்கே இரண்டு பக்கம் இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இன்றைக்குப் பதிவில் மட்டும் கிடப்பது, அடுத்த ஆண்டு அந்தப் பட்டியலில் ஏறிவிடலாம்.

சரி, மூன்று எச்சரிக்கைகளுக்கு வருவோம்.

முன்வடிவம் (உள்ளீடுகளின் வகைகளைச் சொல்லும் அறிவிப்பு) இல்லாத ஃபங்ஷன் எளிது. சி மொழியில் ஒரு ஃபங்ஷனை வெற்று அடைப்புக்குறியோடு அறிவித்தால், "உள்ளீடு எதுவும் கிடையாது" என்றுதான் நாம் நினைக்கிறோம். பழைய சி அதை "உள்ளீடு என்னவென்று சொல்லவில்லை" என்று படித்தது. அதனால் அந்த ஃபங்ஷனை மூன்று மதிப்புகளோடு அழைத்தாலும் கம்பைலர் தட்டிக் கேட்காது. 2022-இல் வந்த கிளாங் 15 இதைக் கண்டிக்கத் தொடங்கியது. சி மொழியின் புதிய தரமான சி23-இல் வெற்று அடைப்புக்குறிக்கு நாம் நினைத்த பொருளே வந்துவிட்டது. ஜிசிசி 15 அந்தத் தரத்தைத்தான் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் அறிவிப்புகளில் உள்ளீடு இல்லாத இடத்தில் வாய்ட் ("ஒன்றுமில்லை") என்று எழுதினால் முடிந்தது. ஃபங்ஷன் சுட்டிகளை (ஒரு ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் மாறிகளை) மட்டும் நிதானமாகப் பாருங்கள். வெற்று அடைப்புக்குறியோடு சுட்டியை அறிவித்துவிட்டு, கீழே இரண்டு எண்களைக் கொடுத்து அழைத்திருந்தால், நேற்றுவரை எச்சரிக்கையாக இருந்தது சி23-இல் நேரடிப் பிழை. அங்கே வாய்ட் போடக் கூடாது, உண்மையான உள்ளீட்டு வகைகளை எழுத வேண்டும். பழைய நூலகம் ஏதாவது உள்ளே இருந்து அவகாசம் தேவையென்றால், டிஸ்கிரிப்ஷன் கோப்பின் சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ் வரியில் யூஸ்_சி17 என்று முந்தைய தரத்தைக் கேட்டுக்கொள்ள வழி உண்டு. நிரந்தரத் தீர்வாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எஸ்பிரிண்ட்எஃப் விஷயம்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. நெடுவரிசைக்குப் பெயர் வைக்க 8 பைட் இடம் ஒதுக்குகிறீர்கள் என்று வையுங்கள். மூன்று ஆங்கில எழுத்து முன்னொட்டு, அதன்பின் வரிசை எண். 9999 வரை கணக்கு சரி: மூன்று எழுத்து, நான்கு இலக்கம், கடைசியில் முற்றுப் பைட் ஒன்று, ஆக 8. 10000-ஆவது நெடுவரிசை வந்ததும் 9 பைட் தேவை. ஒன்பதாவது பைட் பக்கத்து வீட்டில் போய் விழும். அங்கே என்ன இருக்கிறது என்பது கம்பைலருக்குக் கம்பைலர் மாறும். "சரியான விடைதான் தருகிறது" என்கிறீர்கள். உங்கள் சோதனைத் தரவில் 12 நெடுவரிசைதான் இருந்திருக்கும்.

மாற்று, இடத்தின் அளவையும் கேட்டு வாங்கும் எஸ்என்பிரிண்ட்எஃப். ஆனால் தேடி-மாற்று போட்டு ஒரே மூச்சில் மாற்றுகிறவர்கள் எல்லாரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. அளவு கேட்கும் இடத்தில் சைஸ்ஆஃப் போடுவார்கள். அந்த எழுத்து வரிசையை அதே ஃபங்ஷனுக்குள் அறிவித்திருந்தால் சரி. வேறு ஃபங்ஷனிலிருந்து சுட்டியாக வந்திருந்தால், சைஸ்ஆஃப் தருவது சுட்டியின் அளவு, 64-பிட் கணினியில் 8. நீங்கள் 64 பைட் ஒதுக்கியிருந்தாலும் 7 எழுத்தோடு பெயர் வெட்டுப்படும். நினைவகம் பத்திரம், பெயர்கள் பாழ். அளவைத் தனி உள்ளீடாக அனுப்புங்கள். வெட்டுப்பட்டதா என்பதையும் பாருங்கள்: எஸ்என்பிரிண்ட்எஃப் திருப்பித் தரும் எண், முழுதாக எழுதியிருந்தால் எத்தனை எழுத்து ஆகியிருக்கும் என்பது. அது நீங்கள் கொடுத்த அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் வெட்டுப்பட்டிருக்கிறது.

அச்சு வடிவ எச்சரிக்கை பெரும்பாலும் வெக்டர் நீளத்தை அச்சிடும் இடத்தில் வரும். ஆர் 3.0.0 முதல் வெக்டர் 2147483647 உறுப்புகளைத் தாண்டி நீளலாம். அந்த நீளத்தின் வகை ஆர்_எக்ஸ்லென்_டி, சாதாரண இன்ட் (32-பிட் முழு எண்) இல்லை. நீங்கள் %டி போட்டு அச்சிட்டிருப்பீர்கள். உடனே %எல்டி என்று மாற்றத் தோன்றும். மாற்றினால் லினக்ஸில் அடங்கிவிடும், விண்டோஸில் மறுபடி எழுந்து நிற்கும், ஏனென்றால் 64-பிட் விண்டோஸில் லாங் இன்னமும் 32 பிட்தான். மதிப்பை டபுளாக (தசம எண் வகையாக) மாற்றி, புள்ளிக்குப் பின் இலக்கம் இல்லாமல் அச்சிடுவது எங்கும் ஒரே மாதிரி நடக்கும். அதோடு விடாமல் நீளத்தை வாங்கிய இடத்தையும் பாருங்கள். அங்கே இன்ட் மாறியில் வாங்கியிருந்தால், அச்சிடும் வரியை அழகுபடுத்தி என்ன பயன்?

இனி, வாயை அடைப்பது பற்றி. எச்சரிக்கையை அணைக்கும் ப்ராக்மா வரிகளைச் செக் கட்டளையே தேடிப் பார்க்கிறது. மேக்வார்ஸில் "இந்த எச்சரிக்கை வேண்டாம்" என்று கொடி போட்டால் அதையும் பிடிக்கிறது. ஆக நடைமுறையிலேயே அது செல்லாது. வேறு யாரோ எழுதிய நூலகத்தை உள்ளே வைத்திருந்தாலும் இதே கதைதான். அதைத் திருத்தி, திருத்தத்தைப் பேட்ச் கோப்பாக வைத்துக்கொண்டு, மூல ஆசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இல்லையென்றால் அடுத்த பதிப்பை இறக்கும் நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

செல்லும் வழியும் ஒன்று உண்டு, அதில் நான் சூடுபட்டிருக்கிறேன். என் பேக்கேஜ் ஒன்றில் "மதிப்பு வைக்கப்பட்டது, பயன்படுத்தப்படவில்லை" என்று ஒரு மாறியைக் கம்பைலர் காட்டியது. வேண்டாத மாறிதானே என்று அழித்துவிட்டேன். எச்சரிக்கை போயிற்று, பேக்கேஜும் ஏற்கப்பட்டது. பல மாதம் கழித்து ஒரு பயனர் தன் மாடலின் கெழுக்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகின்றன என்று எழுதினார். தேடிப் போனால், நான் அழித்தது உகப்பாக்க ஃபங்ஷன் திருப்பித் தந்த நிலை எண். கணக்கீடு ஒருங்கவில்லை (ஒரு விடையில் வந்து நிற்கவில்லை) என்று அது ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ஆரம்பத்திலிருந்தே அதைப் படிக்க மறந்திருக்கிறேன். கம்பைலர் சுட்டிக்காட்டியது அந்த மறதியை. அன்றிலிருந்து "பயன்படுத்தப்படவில்லை" என்று வந்தால், பயன்படுத்தியிருக்க வேண்டுமா என்று பார்த்துவிட்டுத்தான் அழிக்கிறேன்.

நோட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு வரி. முதல் முறை அனுப்பும்போது "புதிய சமர்ப்பிப்பு" என்ற நோட் வந்தே தீரும், கவலை வேண்டாம். "உலகளாவிய மாறிக்குப் பிணைப்பு தெரியவில்லை" என்பது வந்தால், பட்டியலிலுள்ள பெயர்களையெல்லாம் அப்படியே குளோபல்வேரியபிள்ஸில் ("இவை தெரிந்த பெயர்கள்தான்" என்று அறிவிக்கும் ஃபங்ஷனில்) கொட்டிவிடாதீர்கள். பெரும்பாலானவை தரவுச் சட்டகத்தின் நெடுவரிசைப் பெயர்களாக இருக்கும். நடுவே ஒன்று எழுத்துப்பிழையாக இருக்கும், அதுவும் சேர்ந்து மறைந்துவிடும்.

எச்சரிக்கைகள் தீர்ந்ததும் வேலை முடிந்துவிடாது. ஓடும்போது மட்டும் தெரியும் தவறுகளுக்கு சிரான் தனியாக வால்கிரைண்ட், முகவரி சானிடைசர் என்ற நினைவகச் சோதனைக் கருவிகளையெல்லாம் ஓட்டுகிறது. ஏற்கப்பட்ட பேக்கேஜ்களையும் அவை விடுவதில்லை. ஏதாவது சிக்கினால் தேதி குறித்து மின்னஞ்சல் வரும், அந்தத் தேதிக்குள் திருத்தாவிட்டால் பேக்கேஜ் ஆவணக் கிடங்குக்குப் போய்விடும். 400 வரிக்கு ஒரு முறை நீங்களே சானிடைசரோடு ஓட்டிப் பார்த்துவிடுவது அதிக வேலை இல்லை.

எல்லாம் ஆனதும் பதிப்பு எண்ணை ஒரு படி ஏற்றி அனுப்புங்கள். கூடவே வைக்கும் குறிப்பில் மூன்று எச்சரிக்கைகளையும் வரிக்கு ஒன்றாக எழுதி, எதை எப்படித் திருத்தினீர்கள், எந்தக் கம்பைலரின் எந்தப் பதிப்பில், எந்த ஆர் பதிப்பில் மறுபடி ஓட்டிப் பார்த்தீர்கள் என்று சொன்னால் போதும்.