லாரவெல் தெரியும், பக்கம் ஏன் இழுக்கிறது என்று தெரியாது

அண்ணா வணக்கம்,

திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். ஐந்து வருடமாக லாரவெல்லில்தான் (பிஎச்பி மொழியில் தளம் கட்ட ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டகம், அதாவது பிரேம்வேர்க்) வேலை, நிலாவெளி, உப்புவெளிப் பக்க விடுதிகளுக்கு புக்கிங் தளங்கள் செய்கிறேன். போன மாதம் கொழும்புக் கொம்பனி ஒன்றின் இன்டர்வியூவில், ஒரு பக்கம் மெதுவாக வந்தால் எங்கே பார்ப்பீர்கள் என்று கேட்டார்கள். கேஷ் போடுவேன், அதாவது ஒருதடவை எடுத்ததைச் சேமித்து வைத்துத் திரும்பக் கொடுப்பேன் என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. ஒரே பிரேம்வேர்க்கில் மாட்டிக்கொண்டேனோ என்று பயமாக இருக்கிறது. பைதனின் ஜாங்கோ படிக்கவா, ஜாவாஸ்கிரிப்டின் நோட் படிக்கவா?

க.

அன்புள்ள க.,

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஜாங்கோ படித்தால் ரவுட்டையும் மொடலையும் இன்னொரு விதமாக எழுதத் தெரியும், ஆனால் அந்தக் கேள்விக்கு அப்போதும் கேஷ் என்றுதான் சொல்வீர்கள். (கோபிக்காதீர்கள், ஒரு காலத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.)

2014இல் நான் ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பிரேம்வேர்க்கைக் கரைத்துக் குடித்திருந்தேன். 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தது. பெயர்தான் பழையது, உள்ளே முழுக்கப் புதிதாக எழுதியிருந்தார்கள், நான் பாடமாக்கிய கன்ட்ரோலரும் ஸ்கோப்பும் போயே போய்விட்டன. அப்போது கைகொடுத்தது வேண்டாவெறுப்பாகப் படித்த எஸ்கியூஎல், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி. 1970களில் ஐபிஎம்மில் பிறந்த சாமான், இன்றைக்கும் உங்கள் லாரவெல்லுக்கு அடியில் அதுதான் ஓடுகிறது.

உங்கள் விடுதித் தளத்தையே எடுங்கள். 30 அறைகளைக் காட்டும் ஒரு பக்கம். அறைகளை எடுக்க ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வி), சரி. அப்புறம் லூப்புக்குள் ஒவ்வோர் அறையின் படங்களையும் நீங்கள் தொடும்போதெல்லாம் லாரவெல்லின் டேட்டாபேஸ் பகுதியான எலோக்குவென்ட் சத்தமில்லாமல் டேட்டாபேஸுக்கு இன்னொரு தடவை போய்வருகிறது. மொத்தம் 31. உங்கள் லாப்டாப்பில் ஐந்தாறு அறைகளை வைத்துப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது, சீசனில் ஆட்கள் குவியும்போதுதான் தெரியும். படங்களையும் சேர்த்து எடு என்று முன்கூட்டியே ‘வித்’ போட்டுச் சொன்னால் 31 இரண்டாகிவிடும். அதன் பிறகும் இழுத்தால், அந்தக் குவெரிக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெயின்’ போட்டு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஓடவிடுங்கள். டைப் என்ற இடத்தில் ‘ஆல்’ என்று வந்தால் முழு டேபிளையும் வரிவரியாகத் தேடுகிறது என்று அர்த்தம், தேடும் தேதிக்கு இன்டெக்ஸ் (புத்தகத்தின் கடைசியில் வரும் சுட்டி போன்றது) இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்புக்காரர் எதிர்பார்த்த பதில் ஏறக்குறைய இதுதான்.

பிரவுசரின் நெட்வேர்க் பகுதியையும் ஒருதடவை திறவுங்கள். விடுதிக்காரர் போனில் எடுத்து அனுப்பிய 4 எம்பி படம் அப்படியே போய்க்கொண்டிருக்கும், பஸ்ஸில் இருந்து டேட்டாவில் பார்க்கிறவருக்குப் பொறுமை எங்கே இருக்கும்.

இன்னொன்று. ஒரேயொரு புக்கிங் படிவத்தை லாரவெல் இல்லாமல் வெறும் பிஎச்பியில் எழுதுங்கள், செஷன், டோக்கன் (படிவம் உங்கள் தளத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியக் குறி), பிடிஓ (பிஎச்பி டேட்டாபேஸோடு பேசும் வழி) எல்லாம் உங்கள் கையால். 419 என்ற பிழையைப் பார்த்திருப்பீர்களே, அது பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி தரத்தில் இல்லாத எண். படிவத்தோடு வர வேண்டிய டோக்கன் பொருந்தாதபோது காட்டுவதற்காக லாரவெல் தானே வைத்துக்கொண்டது. நீங்களே எழுதினால் அந்தச் சோதனை எதற்கென்று ஒரு பின்னேரத்தில் விளங்கிவிடும். நோட் பிறகு படிக்கலாம், ஓடிப்போகாது.

வாடைக்காற்று தொடங்கி விடுதிகள் ஓய்ந்திருக்கும் மாதங்கள் இதற்குத் தோது. முதலில் உங்கள் அறைப் பக்கத்தில் எத்தனை குவெரி ஓடுகிறது என்று எண்ணி எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம், என்னுடைய ஒரு பக்கத்தில் 212 ஓடியது.