எம்.பி.பி.எஸ். முதலாண்டு: இரவெல்லாம் படித்தும் தேர்வில் எழுத வரவில்லை, எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டது இது: அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு, பிளஸ் டூ வரை தமிழ்வழி. காலையிலிருந்து மாலை வரை வகுப்பு, டிசெக்‌ஷன், லேப். அப்புறம் இரவு இரண்டு மணி வரை புத்தகம். படிக்கும்போது எல்லாம் புரிகிறது, இன்டர்னலில் (கல்லூரியே வைக்கும் தேர்வில்) கேள்வித்தாளைப் பார்த்தால் ஒன்றும் வருவதில்லை. அடுத்த வாரம் அப்பர் லிம்ப் பார்ட் கம்ப்ளீஷன், அதாவது தோள் முதல் விரல் வரையிலான பகுதி முழுவதற்குமான தேர்வு வேறு.

உங்கள் பிரச்சினை அந்த ஒரே வரியில் இருக்கிறது: "படிக்கும்போது எல்லாம் புரிகிறது." ஒரு பக்கத்தை மூன்றாவது முறை படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிப்போய் சரளமாக ஓடும். அந்தப் பழக்கத்தை மனது "இது எனக்குத் தெரியும்" என்று எடுத்துக்கொள்ளும். தேர்வு அறையில் புத்தகம் இருக்காது, கேள்வி மட்டும்தான் இருக்கும். அங்கே தேவைப்படுவது உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் திறமை. அதற்கு நீங்கள் இதுவரை பயிற்சியே எடுக்கவில்லை. உழைப்பு குறைவு என்று உங்களை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பவருக்கு உழைப்பில் என்ன குறை?

இதை என் அனுபவமாக மட்டும் சொல்லவில்லை. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எல்லோரும் ஒரு சிறு பாடப்பகுதியைப் படித்தார்கள். அதன்பின் சிலர் அதையே திரும்பப் படித்தார்கள், மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால், 81 சதவீதம். எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து எல்லாம் தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. உங்களுக்கு நடப்பது அச்சு அசல் இதுதான். இரவில் படித்து முடித்ததும் தெரிகிறது, ஒரு வாரத்தில் காணாமல் போகிறது. 2013-ல் டன்லோஸ்கியும் அவருடைய குழுவினரும் பத்துப் படிப்பு முறைகளை அலசினார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்ப்பதும் மேலே வந்தன. ஹைலைட்டர் போடுவதும் சும்மா திரும்பப் படிப்பதும் கடைசி வரிசையில்.

சரி, இதை விடுதி அறையில் எப்படிச் செய்வது? மாலை வகுப்பு முடிந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு உட்காரும்போது நோட்டைத் திறக்காதீர்கள். வெள்ளைத்தாள் ஒன்றை எடுங்கள். அன்று நடந்தது பிரேக்கியல் பிளெக்ஸஸ், அதாவது கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னல் என்று வைத்துக்கொள்வோம். தண்டுவட நரம்புகளில் சி5 முதல் டி1 வரை ஐந்து ரூட், மூன்று ட்ரங்க், ஆறு டிவிஷன், மூன்று கார்டு, கடைசியில் ஐந்து முக்கிய நரம்புகள். வந்ததை வரையுங்கள். பாதியில் நின்றால் ஐந்து நிமிடம் முட்டிமோதுங்கள், உடனே புத்தகத்தைப் புரட்டாதீர்கள். எரிச்சல் வரும், "ஒன்றுமே தெரியவில்லையே" என்று தோன்றும். அந்த ஐந்து நிமிடம்தான் அன்றைய படிப்பிலேயே அதிகப் பலன் தருவது. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்புப் பேனாவில் சேருங்கள்.

மறுநாள் காலையில் அந்தச் சிவப்பில் சேர்த்ததை மட்டும், புத்தகத்தைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து முழுப் படமும். ஒவ்வொரு முறையும் நேரம் குறையும். நாலாவது முறை டீ ஆறுவதற்குள் வரைந்து முடித்துவிடலாம். ஒரே இரவில் நான்கு முறை படிப்பதற்கு ஆகும் நேரத்தைவிட இது குறைவு. தாளின் மேல் தேதியைப் போட்டு ஃபைலில் வையுங்கள். ஆண்டுக் கடைசியில் உங்களுக்கு வேறு நோட்ஸ் தேவைப்படாது.

அனாடமியில் வெறும் பெயர்ப்பட்டியல் நிற்காது. ஒவ்வொரு நரம்போடும் ஒரு நோயாளியைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பைக்கிலிருந்து விழுந்து ஹ்யூமரஸ் (மேல்கை எலும்பு) நடுவில் உடைந்து ஒருவர் வருகிறார், மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. ரேடியல் நெர்வ் அந்த எலும்பின் பின்னால் ஸ்பைரல் குரூவ் என்ற பள்ளத்தில் ஓடுவதால் அடிபட்டிருக்கிறது, ரிஸ்ட் டிராப். இப்போது அந்த நரம்பு எங்கே ஓடுகிறது, எந்தத் தசைக்குப் போகிறது என்பதெல்லாம் ஒரு காரணத்தோடு நிற்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பதும் இதைத்தான். டிசெக்‌ஷன் ஹாலுக்குப் போகுமுன் பதினைந்து நிமிடம் அன்றைய பகுதியின் படங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் அங்கே நின்றால் ஃபார்மலின் வாடை மட்டும்தான் மிஞ்சும்.

பிசியாலஜிக்கு வேறு வழி. அது சங்கிலி. ரத்தம் நிறையப் போய்விட்டால் பிபி இறங்கும், பெரிய ரத்தக் குழாய்களில் உள்ள கரோடிட் சைனஸும் அயோர்டிக் ஆர்ச்சும் அதை உணர்ந்து ஒன்பதாம், பத்தாம் மூளை நரம்புகள் வழியாக மூளைத்தண்டின் மெடுல்லாவுக்குச் சொல்லும், சிம்பதெடிக் நரம்புகளின் வேலை கூடும், இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக் குழாய்கள் இறுகும், சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும். இதை அறைத்தோழரிடம் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஏன்?" என்று அவர் கேட்கும் இடத்தில் நீங்கள் தடுமாறினால், அன்று படிக்கவேண்டியது அந்த இடம் மட்டுமே. பயோகெமிஸ்ட்ரியில் எல்லா ஸ்ட்ரக்சரையும் சுமக்காதீர்கள். ஒவ்வொரு சைக்கிளிலும் வேகத்தைத் தீர்மானிக்கும் என்சைம் எது, அது இல்லாவிட்டால் என்ன நோய் என்று பிடியுங்கள். ஃபீனைல்அலனின் ஹைட்ராக்சிலேஸ் என்றால் பி.கே.யு. (ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவி நோய்) என்று உடனே வரவேண்டும்.

கேள்வி ஒரு பக்கம், விடை மறுபக்கம் என்று அட்டைகளைக் காட்டும் ஆங்கி (Anki) ஆப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இடைவெளி விட்டுக் கேட்கும் வேலையை அது தானாகவே செய்யும், நல்ல கருவி. ஆனால் வெளிநாட்டுத் தேர்வுக்காக யாரோ செய்த ஆயிரக்கணக்கான அட்டைகளை இறக்கிக்கொள்ளாதீர்கள், அதை முடிப்பதே தனிப் படிப்பாகிவிடும். உங்கள் சிவப்புப் பேனா விஷயங்களை மட்டும் நீங்களே அட்டையாக்குங்கள்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2020-ல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபிறகு அரசுப் பள்ளியிலிருந்து வரும் தம்பி தங்கைகள் நிறையப் பேர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். கேட்கும்போதே குரல் இறங்கிவிடுகிறது. எனக்கு அது வலிக்கிறது. உங்களுக்கு இருப்பது அறிவுக் குறைபாடு அல்ல, பழகாத மொழியின் சுமை, அது கண்டிப்பாக இறங்கும். புரிந்துகொள்வதைத் தமிழிலேயே செய்யுங்கள், அதில் எந்த வெட்கமும் வேண்டாம். எழுதுவதற்குத் தனிப் பயிற்சி வைத்துக்கொள்ளுங்கள்: தினமும் ஒரே ஒரு ஷார்ட் நோட், பழைய கேள்வித்தாளிலிருந்து, பார்க்காமல், ஆங்கிலத்தில். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். தலைப்பு, ஆரம்பிக்கும் இடம், போகும் பாதை, கிளைகள், படம், கிளினிக்கல். அனாடமி விடைகளின் கட்டமைப்பு பெரும்பாலும் இதேதான். வாக்கியங்களும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வரும். முதல் சில வாரம் கடினம், பிறகு கை தானாக ஓடும். வைவாவுக்கும் அதே வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

தூக்கத்தைக் குறைக்காதீர்கள். படித்துவிட்டுத் தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறந்தார்கள் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1924-லேயே காட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டுக்கு மேல் நீங்கள் படிப்பது காலையில் சரியாக நிற்காது, அதோடு மறுநாள் வகுப்பும் போய்விடும். போன் படுக்கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

நிலுவை சேர்ந்துவிட்டால் எல்லோரும் செய்வது பழையதை முதலில் முடிக்கப் பார்ப்பது. அப்படிச் செய்தால் இன்றைய பாடமும் நாளைக்குப் பழையதாகிவிடும், துரத்தல் ஓயாது. இன்று நடந்தது இன்றே வெள்ளைத்தாளுக்கு வரட்டும். நிலுவைக்குத் தினமும் முக்கால் மணி நேரம், ஞாயிறு காலையில் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மெதுவாகக் குறைந்தாலும் பரவாயில்லை.

இப்போது அடுத்த வாரத் தேர்வு. ஆக்ஸிலாவையும் (அக்குள்) பிரேக்கியல் பிளெக்ஸஸையும் இன்றே எடுங்கள். நாளை ஷோல்டர் ஜாயின்ட், ஆர்ம், க்யூபிட்டல் ஃபாஸா (முழங்கையின் முன்பக்கக் குழி). அதற்கடுத்து ஃபோர்ஆர்ம், கை. ஒவ்வொரு நாளும் முதல் அரை மணி முந்தைய நாளின் சிவப்புக்கு. சீனியரிடம் எலும்பு செட் வாங்கி ஹ்யூமரஸ், ஸ்கேப்புலா, க்ளாவிக்கிள், ரேடியஸ், அல்னா ஐந்தையும் கண்ணை மூடித் தொட்டு, வலதா இடதா என்று சொல்லிப் பழகுங்கள், நண்பர் ஒருவர் எதிரே உட்கார்ந்து எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது (மசில் அட்டாச்மென்ட்) என்று கேட்கட்டும். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பழைய கேள்வித்தாளை நேரம் வைத்து முழுதாக எழுதிப் பாருங்கள். முந்தைய இரவு புதிதாக எதையும் தொடாமல், சிவப்பில் எழுதிய தாள்களை மட்டும் புரட்டிவிட்டுப் பதினோரு மணிக்குப் படுத்துவிடுங்கள்.